கோடாலிக்குத் தப்பிய ராட்சதர்கள்... தெரியுமா?

உலகத்திலேயே உயரமான மரம் எங்கே நிற்கிறது? உலகத்திலேயே பெருத்த மரம் எங்கே நிற்கிறது? இரண்டு கேள்விக்கும் ஒரே விடை: அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம்! அங்கே தொடங்கி வடக்கே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா வரைக்கும் பசிபிக் பெருங்கடலை ஒட்டி நிற்பவை கோடாலியே படாத ஆதிக் காடுகள். ஒரு காலத்தில் மலை மலையாக இருந்தவை, இன்று துண்டு துண்டாகத்தான் மிச்சம். அந்த மிச்சமும் தானாகத் தப்பவில்லை! ஒவ்வொரு துண்டுக்குப் பின்னாலும் சரியான நேரத்தில் குறுக்கே வந்து நின்ற யாரோ ஒருவர் இருக்கிறார். கதைகளைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள். வாருங்கள்!

ராஜகோபுரத்தை மிஞ்சும் மரம்!

ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. அதன் உச்சிக்கு மேலே இன்னும் 144 அடி போனால் எவ்வளவு உயரம்? அதுதான் ‘ஹைப்பீரியன்’ என்ற ரெட்வுட் மரத்தின் உயரம்! ஏறத்தாழ 380 அடி! உயிரோடு இருக்கும் மரங்களில் உலகிலேயே உயரமானது இதுதான். இதை மனிதர்கள் எப்போது கண்டுபிடித்தார்கள் தெரியுமா? 2006-ல்தான்! நிலவுக்குப் போய் வந்து 37 வருடம் கழித்து!

மயிரிழையில் தப்பிய முதலிடம்!

ஹைப்பீரியன் நிற்கும் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த மலைச்சரிவுகளை 1970-களில் மொட்டையடித்துக்கொண்டிருந்தார்கள். 1968-ல் உருவான ரெட்வுட் தேசியப் பூங்காவை 1978-ல் விரிவாக்கினார்கள். ஹைப்பீரியன் நின்ற நிலமும் உள்ளே வந்தது. உலகின் மிக உயரமான மரம் என்று யாருக்குமே தெரியாமல் பலகையாகிப் போயிருக்க வேண்டிய மரம் அது! நினைத்துப் பாருங்கள்!

ஜனாதிபதிக்கு ஒரு ராட்சத வேர்க்கடலை!

அந்த விரிவாக்கத்தை எதிர்த்து 1977-ல் மரம் வெட்டும் தொழிலாளர்கள் லாரி லாரியாகத் தலைநகர் வாஷிங்டனுக்கே கிளம்பிவிட்டார்கள். கூடவே என்ன கொண்டுபோனார்கள் தெரியுமா? ரெட்வுட் கட்டையில் செதுக்கிய, பல டன் எடையுள்ள ஒரு வேர்க்கடலை! ஏன் வேர்க்கடலை? அப்போதைய ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கடலை விவசாயி ஆயிற்றே! கார்ட்டர் அந்தப் பரிசை வாங்க மறுத்துவிட்டார். அடுத்த வருடமே விரிவாக்கச் சட்டத்தில் கையெழுத்தும் போட்டார்!

பார்க்கப் போனால் சிறை!

ஹைப்பீரியனைப் பார்க்க ஆசையா? ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்! கூட்டம் கூட்டமாக ஆட்கள் போய் மிதித்ததில் மரத்தடி மண்ணும் செடிகளும் நாசமாகிவிட்டன. அதனால் 2022-ல் அந்தப் பகுதியையே மூடிவிட்டார்கள். மீறிப் போனால் 5,000 டாலர் வரை அபராதம், 6 மாதம் வரை சிறை! தன்னைப் பார்க்க வருபவர்களை ஜெயிலுக்கு அனுப்பும் மரம் வேறு எங்காவது உண்டா?

தக்காளி விதையிலிருந்து 380 அடி!

இத்தனை பெரிய மரத்தின் விதை எவ்வளவு பெரியது? தக்காளி விதை அளவுதான்! வேராவது பாதாளம் வரை போகுமா? அதுவும் இல்லை! ஆறிலிருந்து பன்னிரண்டு அடி ஆழம்தான். ஆனால் பக்கவாட்டில் நூறு அடி வரை பரவி, அண்டை மரங்களின் வேர்களோடு பின்னிக்கொள்கிறது. புயல் வந்தால் தனி மரம் நிற்பதில்லை, தோப்பே சேர்ந்து நிற்கிறது! பட்டை மட்டும் ஒரு அடி கனம்! சாதாரணக் காட்டுத்தீ அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடும்!

பனியைக் குடிக்கும் காடு!

கலிஃபோர்னியாவில் கோடைக்காலத்தில் மழை கிடையாது. அப்புறம் இந்த ராட்சதர்கள் எதைக் குடிக்கிறார்கள்? கடலிலிருந்து உருண்டு வரும் மூடுபனியை! இலைகள் பனியை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக வேருக்கு இறக்குகின்றன; இலைகளே நேரடியாகவும் உறிஞ்சிக்கொள்கின்றன. ரெட்வுட் காட்டுக்கு ஒரு வருடத்தில் வந்துசேரும் தண்ணீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இந்தப் பனி தருவதுதான்! மரங்களை வெட்டிவிட்டால்? பனி வந்தாலும் பிடிக்க ஆள் இல்லை!

மரத்தின் மேலே இன்னொரு காடு!

முந்நூறு அடி உயரத்தில், பருத்த கிளைகளின் கவட்டையில் நூற்றாண்டுக் கணக்கில் இலைச்சருகு விழுந்து மக்கி மண்ணாகிக் கிடக்கிறது. அந்த மண்ணில் பெரணி வளர்கிறது, புதர்ச்செடிகள் காய்க்கின்றன! அங்கேயே குடியிருக்கிறது ஒரு சாலமாண்டர். பல்லி மாதிரி உருவம், தவளையின் சொந்தம்! கிளையிலிருந்து விழுந்தால் அது என்ன செய்யும் தெரியுமா? கால்களை விரித்து, வாலை ஆட்டித் திசை திருப்பி, காற்றில் மிதந்தபடி இறங்கும்! இந்த வித்தையை விஞ்ஞானிகள் 2022-ல்தான் அளந்து வெளியிட்டார்கள். இளம் மரத்தில் இந்த மாடிக் காடு கிடையாது. கிழட்டு மரத்தில் மட்டும்தான்!

கார்ல் மார்க்ஸ் மரம்!

ரெட்வுட்டின் உறவுக்கார மரம் சீக்வோயா. உயரத்தில் சற்றுக் குறைவு, பருமனில் உலக முதலிடம்! ‘ஜெனரல் ஷெர்மன்’ என்ற சீக்வோயாவின் அடிமரம், மரக்கடைக் கணக்கில் சொன்னால், சுமார் 52,500 கன அடி! வயது ஏறத்தாழ 2,200! சங்கப் புலவர்கள் பாடிக்கொண்டிருந்த காலத்தில் அது கன்று! அதற்கு இன்னொரு பெயரும் இருந்தது, தெரியுமா? ‘கார்ல் மார்க்ஸ் மரம்!’ 1880-களில் அங்கே குடியேறிய ஒரு பொதுவுடைமைக் குழு வைத்த பெயர் அது. 1890-ல் அந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது, குழு கலைந்தது, மரத்துக்கு ராணுவத் தளபதியின் பெயரே நிலைத்தது!

முறிந்த கிளையே ஒரு மரம்!

2006-ல் ஜெனரல் ஷெர்மனின் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. நீளம் ஏறத்தாழ 100 அடி! குறுக்களவு ஆறு அடிக்கு மேல்! பூமியில் இருக்கும் பெரும்பாலான மரங்களைவிட அந்த ஒற்றைக் கிளை பெரியது! 2021-ல் காட்டுத்தீ நெருங்கியபோது தீயணைப்பு வீரர்கள் என்ன செய்தார்கள்? மரத்தின் அடிப்பாகத்தைத் தீ தாங்கும் அலுமினியப் போர்வையால் சுற்றிவிட்டார்கள்! தாத்தா தப்பித்தார்!

அடிக்கட்டையில் நடனம்!

இனி வருவது வயிற்றெரிச்சல் கதை. 1852-ல் ஒரு வேட்டைக்காரர் கரடியைத் துரத்திக்கொண்டு போனவர், மிகப் பெரிய சீக்வோயா ஒன்றின் முன்னால் திகைத்து நின்றார். மறு வருடமே அதை வெட்டினார்கள். அத்தனை பெரிய மரத்தை அறுக்கும் ரம்பம் யாரிடமும் இல்லை! ஐந்து பேர் துரப்பணத்தால் துளை மேல் துளை போட்டு 22 நாளில் சாய்த்தார்கள். வளையங்களை எண்ணினால் 1,244 வயது! காஞ்சியில் மகேந்திரவர்மப் பல்லவன் ஆண்ட காலத்தில் முளைத்த மரம்! எதற்காக வெட்டினார்கள்? காட்சிக்கு வைத்துக் காசு பார்க்க! அதன் அடிக்கட்டையை நடன மேடையாக்கி ஆடவும் செய்தார்கள்!

தோல் உரிக்கப்பட்ட தாய்!

அடுத்த வருடம், 1854-ல், அதே தோப்பில் ‘காட்டின் தாய்’ என்று பெயர் சூட்டிய மரத்தின் பட்டையை 116 அடி உயரம் வரை உரித்தெடுத்தார்கள்! பட்டை கப்பலேறி நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் கண்காட்சிக்குப் போனது. மரம்? நின்றபடியே செத்தது! ஆனால் இந்தக் கொடுமையைக் கேட்டு அமெரிக்காவில் பலருக்கு மனம் கொதித்தது. பத்தே வருடத்தில் அந்தக் கொதிப்பு எங்கே போய் நின்றது என்பதைப் பின்னால் பாருங்கள்!

ராட்சதனைச் சாய்த்து வேலிக்குச்சி!

சீக்வோயா மரம் கெட்டியானதா? இல்லவே இல்லை, மடமடவென்று முறியும்! அத்தனை உயரத்திலிருந்து விழும்போது பாறையில் மோதிய கண்ணாடி போல நொறுங்கிவிடும். கன்வெர்ஸ் பேசின் என்ற இடத்தில் ஆயிரக்கணக்கான சீக்வோயாக்களைச் சாய்த்தார்கள். இரண்டாயிரம் வருடம் வளர்ந்த மரம் கடைசியில் என்ன ஆனது? வேலிக்கம்பு, கூரை ஓட்டுப் பலகை, திராட்சைக்கொடிக்கு முட்டுக்குச்சி! பெரும்பகுதி காட்டிலேயே சிதறிக் கிடந்து வீணானது!

நூற்றுக்கு ஐந்து!

ரெட்வுட் ஆதிக் காடு ஒரு காலத்தில் 20 லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்து கிடந்தது. 1906-ல் பூகம்பமும் தீயும் சான் ஃபிரான்சிஸ்கோவை அழித்தபோது, அந்த நகரத்தைத் திரும்பக் கட்டியதில் பெரும் பங்கு ரெட்வுட் பலகைக்குத்தான்! இன்று ஆதிக் காடாக மிஞ்சியிருப்பது எவ்வளவு? நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து! தொண்ணூற்றைந்து போயே போய்விட்டது!

போருக்கு நடுவே ஒரு கையெழுத்து!

1864, ஜூன் 30. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தது. அந்த நேரத்தில் ஆபிரகாம் லிங்கன் எதில் கையெழுத்துப் போட்டார் தெரியுமா? யோசெமிட்டி பள்ளத்தாக்கையும் மரிபோசா சீக்வோயாத் தோப்பையும் என்றென்றைக்கும் மக்களுக்காகப் பாதுகாக்க வேண்டும் என்ற சட்டத்தில்! ‘காட்டின் தாய்’ உரிக்கப்பட்டுச் சரியாகப் பத்து வருடம்! தேசியப் பூங்கா என்ற யோசனைக்கு விதை அதுதான். அந்த மரங்களை லிங்கன் கண்ணால் பார்த்ததே இல்லை!

தானம் கொடுத்துக் காத்தவர்!

சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் கோடாலி படாமல் மிஞ்சிய கடைசி ரெட்வுட் பள்ளத்தாக்குகளில் ஒன்று இருந்தது. வில்லியம் கென்ட் என்பவர் 45,000 டாலருக்கு அதை வாங்கினார். நிம்மதி கிடைத்ததா? இல்லை! அணை கட்டி அந்தப் பள்ளத்தாக்கையே மூழ்கடிக்க ஒரு தண்ணீர் கம்பெனி வழக்குப் போட்டது. கென்ட் என்ன செய்தார்? 295 ஏக்கரை மத்திய அரசுக்கே தானம் கொடுத்துவிட்டார்! 1908-ல் அது தேசிய நினைவிடம் ஆனது. தன் பெயரையாவது வைத்தாரா? அதுவும் இல்லை. இயற்கைக் காவலர் ஜான் மியூரின் பெயரை வைக்கச் சொன்னார்!

கடல்பறவைக்குக் காட்டில் தொட்டில்!

மார்பிள்டு மர்ரலெட் என்றொரு கடல்பறவை. கடலில் மீன் பிடிக்கும், கடலிலேயே மிதக்கும். ஆனால் அது எங்கே முட்டையிடுகிறது? பறவை நிபுணர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்! விடை 1974-ல் கிடைத்தது. கலிஃபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட் பூங்காவில் மரம் ஏறிப் பராமரிக்கும் தொழிலாளி ஒருவர் தற்செயலாகப் பார்த்தார். உயரத்துக் கிளையில் பாசி மெத்தை மேல் ஒரு குஞ்சு! இந்தப் பறவை வருடத்துக்கு வழக்கமாக ஒரே ஒரு முட்டைதான் இடும். அதற்குப் பாசி படர்ந்த அகலமான கிளை வேண்டும். அப்படிப்பட்ட கிளை கிழட்டு மரத்தில்தானே இருக்கும்!

ரம்பங்களை நிறுத்திய ஆந்தை!

ஒரு ஆந்தையால் ஒரு பெரிய தொழிலையே நிறுத்த முடியுமா? முடிந்தது! வடக்குப் புள்ளி ஆந்தை வாழ ஆதிக் காடு வேண்டும். ஒரு ஜோடிக்கே ஆயிரக்கணக்கான ஏக்கர்! 1990-ல் அது அச்சுறுத்தலுக்குள்ளான பறவை என்று அறிவிக்கப்பட்டது. 1991-ல் அந்த ஆந்தை வாழும் அரசுக் காடுகளில் மரம் ஏலம் விடுவதை ஒரு நீதிபதி தடுத்து நிறுத்தினார். நாடே இரண்டுபட்டது! 1993-ல் ஜனாதிபதி கிளின்டனே நேரில் வந்து இரு தரப்பையும் உட்கார வைத்துப் பேசினார். மறு வருடம் பிறந்தது வடமேற்குக் காட்டுத் திட்டம். அதன் பரப்பு எவ்வளவு? ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர்!

738 நாள் மரத்தின் மேல்!

1997, டிசம்பர் 10. ஜூலியா பட்டர்ஃபிளை ஹில் என்ற 23 வயதுப் பெண், வெட்டுவதற்குக் குறித்துவைத்த ‘லூனா’ என்ற ரெட்வுட் மரத்தில் ஏறினார். ஏறத்தாழ ஆயிரம் வயது மரம்! தரையிலிருந்து சுமார் 180 அடி உயரத்தில் ஒரு சின்னப் பலகைத் தட்டு. தார்பாய்தான் கூரை. கயிற்றில் கட்டி மேலே வரும் சாப்பாடு. புயலடித்தது, ஹெலிகாப்டர் மிரட்டியது, இறங்கவில்லை! எப்போது இறங்கினார் தெரியுமா? 1999, டிசம்பர் 18! மொத்தம் 738 நாள் அவர் கால் மண்ணில் படவில்லை! லூனாவையும் சுற்றியுள்ள மரங்களையும் வெட்டமாட்டோம் என்று மரக் கம்பெனி எழுதிக்கொடுத்த பிறகுதான் இறங்கினார்!

அறுத்த பிறகும் சாகாத லூனா!

கதை அதோடு முடிந்ததா? 2000-ல் யாரோ ஒருவன் இருட்டில் வந்து மெஷின் ரம்பத்தால் லூனாவைப் பாதிக்கு மேல் அறுத்துவிட்டான்! ஆட்கள் ஓடிவந்து இரும்புப் பட்டைகள் வைத்து முட்டுக்கொடுத்தார்கள், கம்பி கட்டி இழுத்து நிறுத்தினார்கள். மரம் பிழைத்துக்கொண்டது! அடித்தண்டில் அந்த வெட்டுக்காயத்தோடு அது நிற்கிறது!

7,472 ஏக்கருக்கு 38 கோடி டாலர்!

லூனாவில் ஜூலியா இருந்த அதே காலத்தில் பக்கத்தில் இன்னொரு போராட்டம் வெற்றி பெற்றது. ஹெட்வாட்டர்ஸ் காடு! பத்து வருடத்துக்கு மேல் நீண்ட மறியல், கைது, வழக்கு. கடைசியில் 1999, மார்ச் 1 அன்று மத்திய அரசும் மாநில அரசும் சேர்ந்து 38 கோடி டாலர் கொடுத்து அந்த 7,472 ஏக்கரை வாங்கிப் பொதுச் சொத்தாக்கின! வெட்டிய காட்டை இத்தனை காசு கொட்டினாலும் திரும்ப வாங்க முடியுமா?

மரத்தில் முண்டு திருடும் கும்பல்!

ரெட்வுட்டின் அடித்தண்டில் பெரிய பெரிய முண்டுகள் இருக்கும். மரம் அடிபட்டால் புதுத் தளிர் கிளம்புவது அங்கிருந்துதான். உள்ளே அழகான கோலம் போட்டது போன்ற ரேகைகள்! மேஜைக்கும் அலங்காரப் பொருளுக்கும் நல்ல விலை. அதனால் இரவில் வந்து அறுத்துக்கொண்டு போக ஒரு திருட்டுக் கூட்டம்! தொல்லை தாங்காமல் 2014-ல் ரெட்வுட் பூங்கா நிர்வாகம் ஒரு சாலையையே இரவில் பூட்டிவிட்டது!

கிழ மரம்தான் வேகமாக வளர்கிறது!

“வயசான மரம் வளராது, வெட்டிவிட்டுப் புதுசு நடலாம்” என்று சொல்பவர்கள் உண்டு. உண்மை என்ன தெரியுமா? 2014-ல் உலகம் முழுவதும் 403 வகை மரங்களை ஆராய்ந்தார்கள். ஏறத்தாழ எல்லா வகைகளிலும், பெரிய மரமே வருடத்துக்கு அதிக எடை கூடுகிறது! காற்றில் இருக்கும் கரியை இழுத்து மரமாக்குவதில் கிழவர்களே கில்லாடிகள்! ரெட்வுட் ஆதிக் காட்டில் ஒரு ஹெக்டேரில் 2,600 டன் வரை கரி சேர்ந்திருக்கிறது. தரைக்கு மேலே இத்தனை கரியைச் சேர்த்து வைக்கும் காடு உலகத்தில் வேறு கிடையாது!

200 வருட ஆராய்ச்சி!

விழுந்த மரம் மக்குவதற்கு எத்தனை வருடம் ஆகும்? தெரிந்துகொள்ள ஆரிகன் மாநிலத்துக் காடு ஒன்றில் 1985-ல் 500-க்கும் மேற்பட்ட கட்டைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சி எப்போது முடியும்? 200 வருடம் கழித்து! தொடங்கிய விஞ்ஞானியின் கொள்ளுப்பேரன்கூட முடிவைப் பார்க்க மாட்டான்! ஆதிக் காட்டில் விழுந்த மரம் குப்பை இல்லை. அதன் முதுகில்தான் அடுத்த தலைமுறைக் கன்றுகள் வரிசையாக முளைக்கின்றன!

மீன் தின்னும் மரங்கள்!

கனடாவின் கிரேட் பேர் மழைக்காட்டில் மரங்களுக்குக் கடல் மீன்தான் உரம்! எப்படி? முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன் மீன்களைக் கரடிகள் பிடித்துக் காட்டுக்குள் இழுத்துப்போய்ப் பாதி தின்று போட்டுவிடும். மீதி மக்கி வேருக்குப் போகிறது. மர வளையங்களில் கடலிலிருந்து வந்த நைட்ரஜனைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! அங்கே கருங்கரடிக்கு வெள்ளைக் குட்டி பிறப்பதும் உண்டு! 64 லட்சம் ஹெக்டேர் பரந்த அந்தப் பகுதியின் காட்டில் 85 சதவீதத்தில் மரம் வெட்டக் கூடாது என்று 2016-ல் ஒப்பந்தம் ஆனது. கையெழுத்திட்டவர்கள் யார்? பூர்வகுடிகள், அரசு, மரக் கம்பெனிகள், சூழல் அமைப்புகள், எல்லோரும்!

பாட்டிகளும் சிறை போனார்கள்!

வான்கூவர் தீவை ஒட்டிய மியர்ஸ் தீவின் காட்டை வெட்ட வந்தபோது, 1984-ல் அங்கிருந்த பூர்வகுடிகள் “இது எங்கள் பூங்கா” என்று அறிவித்தார்கள். மறு வருடம் நீதிமன்றம் வெட்டுவதைத் தடுத்தது! 1993-ல் பக்கத்தில் கிளாக்வட் சவுண்டில் ஏறத்தாழ 12,000 பேர் மறியலுக்கு வந்தார்கள். பாட்டிமார் உட்பட 850-க்கும் மேற்பட்டோர் கைது! பலன்? 2024-ல் அங்கே 76,000 ஹெக்டேர் காட்டுக்குப் புதிதாகப் பாதுகாப்பு! 2020-ல் அதே வான்கூவர் தீவின் ஃபேரி கிரீக்கில் தொடங்கிய மறியலில் 1,100-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். பழைய கணக்கையே மிஞ்சிவிட்டது!

பச்சை நாடா கட்டிய கை!

டென்னிஸ் குரோனின் யார் தெரியுமா? மரம் வெட்டும் தொழிலில் இருந்தவர்! எங்கே வெட்ட வேண்டும் என்று எல்லை குறிப்பதுதான் வேலை. 2011-ல் வான்கூவர் தீவில் ஒரு ராட்சத டக்ளஸ் ஃபர் மரத்தைப் பார்த்தார். 200 அடிக்கு மேல் உயரம்! பையிலிருந்து பச்சை நாடாவை எடுத்துச் சுற்றிக் கட்டினார். ‘இதை வெட்டாதே’ என்று அர்த்தம்! மறு வருடம் சுற்றியிருந்த காடு முழுக்கப் போனது, அந்த ஒற்றை மரம் மட்டும் நின்றது. மொட்டை வெளியில் தனியாக நிற்கும் அந்தப் படம் உலகம் சுற்றியது. ஒரு துண்டு நாடா ஆயிரம் வருடத்தைக் காப்பாற்றியது!

திரும்பி வந்த தாய்மண்!

2022-ல் ஒரு நல்ல செய்தி! ‘ரெட்வுட்களைக் காப்போம்’ என்று 1918-ல் தொடங்கிய சங்கம் தான் வாங்கிய 523 ஏக்கர் காட்டைப் பத்துப் பூர்வகுடி இனங்களின் கூட்டமைப்புக்கே கொடுத்துவிட்டது! அந்த மண்ணின் சொந்தக்காரர்களே இன்று காவல்காரர்கள்!

8,500 பேர் வாங்கிய தோப்பு!

ஆல்டர் கிரீக் என்பது தனியார் கையில் இருந்ததிலேயே மிகப் பெரிய சீக்வோயாத் தோப்பு. 530 ஏக்கர்! விலை ஒன்றரைக் கோடி டாலருக்கும் மேல்! எப்படி வாங்கினார்கள்? அதே சங்கம் கையேந்தியது. 8,500-க்கும் மேற்பட்டோர் அள்ளியும் கிள்ளியும் கொடுத்தார்கள். 2019 முடிவதற்குள் முழுப் பணமும் சேர்ந்துவிட்டது!

இன்னும் எவ்வளவு பாக்கி?

அமெரிக்க அரசு 2023-ல் தன் காடுகளைக் கணக்கெடுத்துப் பார்த்தது. ஆதிக் காடு 3.2 கோடி ஏக்கர்! அதைக் காக்கத் தேசிய அளவில் விதி கொண்டுவர முயன்றார்கள், 2025 ஜனவரியில் அந்த முயற்சி கைவிடப்பட்டது. அதே வருடம் மார்ச்சில், அரசுக் காடுகளில் மரம் வெட்டுவதை அதிகப்படுத்தச் சொல்லி ஜனாதிபதியின் உத்தரவும் வந்தது! ஆக, போராட்டம் முடியவில்லை.

இன்றைக்கு ஒரு ரெட்வுட் கன்றை நட்டால் அதற்கு ஆயிரம் வயதாக எத்தனை தலைமுறை ஆகும் தெரியுமா? நாற்பது! நட்ட கன்று வளரட்டும், வளர்ப்போம். ஆனால் ஏற்கெனவே ஆயிரம் வயதான மரத்துக்கு மாற்றாக இன்னொன்றை நம்மில் யாரும் உயிரோடு பார்க்கப்போவதில்லை. ஒரு கையெழுத்து காத்தது, ஒரு தானம் காத்தது, ஒரு பெண்ணின் பிடிவாதம் காத்தது, ஒரு நாடா காத்தது. மிச்சமிருக்கும் அந்த நூற்றுக்கு ஐந்தையும் காப்பாற்ற மனிதர்களால் முடியாதா என்ன? முடியும்! முடிந்தே ஆக வேண்டும்!